பூவின் முதுகைப் பாருங்கள்: குமரி மலைப் புல்வெளியில் காட்டுப்புகையிலை

மார்கழி, தை மாதங்களில் மேல்கோதையாறு, முத்துக்குழிவயல் பக்கம் போய்வருகிறவர்களின் போனில் பெரும்பாலும் இப்படி ஒரு படம் இருக்கும். மஞ்சு இறங்கிய புல்வெளி. புல்லைத் தாண்டி ஆளுயரத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்டு. அதன் உச்சியில் முழ நீளத்துக்கு வெள்ளைப் பூக்கள். இது என்ன என்று கேட்டால் ஒருவர் புகையிலை என்பார், இன்னொருவர் குறிஞ்சியில் ஏதோ ஒரு வகை என்பார், மூன்றாமவர் எஸ்டேட்காரர்கள் கொண்டுவந்த வெளிநாட்டுச் செடி என்று முடித்துவிடுவார். மூன்றுமே தவறு. அது இந்த மலைகளின் சொந்தச் செடி. தமிழில் காட்டுப்புகையிலை. தாவரவியல் பெயர் லொபீலியா நிகோஷியானிஃபோலியா.

பெயரில் புகையிலை இருந்தாலும் புகையிலையோடு உறவு கிடையாது. நாம் அறிந்த புகையிலை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, கத்தரிக் குடும்பம். காட்டுப்புகையிலை மணிப்பூக் குடும்பம், அதாவது காம்பனுலேசியே. லொபீலியா என்ற பேரினப் பெயர் மத்தியாஸ் த லோபெல் (1538–1616) என்ற ஃபிளாண்டர்ஸ் நாட்டு மருத்துவரின் நினைவாக வைக்கப்பட்டது. நிகோஷியானிஃபோலியா என்றால் புகையிலை போன்ற இலை உடையது. ஆக, தமிழ்ப் பெயரும் லத்தீன் பெயரும் இலையைத்தான் சுட்டுகின்றன. இந்தச் செடியை அடையாளம் காண்பதில் வரும் குழப்பம் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது. ஏனென்றால் இந்தச் செடியில் மிகக் குறைவாக நம்ப வேண்டிய உறுப்பு இலை. அகலமாக, நீளமாக, வெளிறிய நடுநரம்போடு இலை இருந்தால் எதையும் காட்டுப்புகையிலை என்று சொல்லிவிடுகிறோம். பூவை ஒருமுறை திருப்பி அதன் முதுகைப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

எங்கே எதிர்பார்க்கலாம்

முதலில் உயரம். இது ஏறத்தாழ 900 மீட்டருக்கு மேலே உள்ள திறந்த சரிவுகளின் செடி. பேச்சிப்பாறை அணைக்கரையிலோ, கீரிப்பாறை ரப்பர்த் தோட்டத்திலோ, காளிகேசம் ஆற்றோரத்திலோ அகன்ற இலைச் செடி ஒன்றைப் பார்த்துவிட்டு இந்தப் பெயரைச் சொல்லவேண்டாம். அங்கெல்லாம் உயரம் போதாது. நம் குமரி மாவட்டத்தில் அந்த உயரமும் புல்வெளியும் சேர்ந்து கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான்: மேல்கோதையாறு, முத்துக்குழிவயல், திருநெல்வேலி எல்லையில் நிற்கும் மகேந்திரகிரியின் மேல்சரிவுகள். மகேந்திரகிரியின் உச்சியே சுமார் 1,650 மீட்டர். இந்தக் கணக்கு பின்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்க்கவும் உதவும்.

போனில் இருக்கும் ஜி.பி.எஸ். காட்டும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மரமும் மலைச்சரிவும் வானத்தை மறைக்கும் இடத்தில் அது சில பத்து மீட்டர் தவறிக் காட்டும். பரவாயில்லை. 300 மீட்டரா, 1,200 மீட்டரா என்று தெரிந்தால் நமக்குப் போதும்.

குமரி மலைகளுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், தொடங்கும் தென்மேற்குச் சாரல் புரட்டாசி வரை. அது ஓய்ந்த கையோடு துலா மழை என்று நாம் சொல்லும் வடகிழக்குப் பருவமழை. அதனால் மேல்மலைப் புல்வெளியில் மண் தை மாதம் வரைக்கும்கூட காயாது. காட்டுப்புகையிலை பூக்கத் தொடங்குவது இந்த ஈரத்தின் கடைசிக் கட்டத்தில். ஐப்பசி, கார்த்திகையில் முதல் பூ விரிந்தால் மாசி வரைக்கும் ஆங்காங்கே பூ இருக்கும். ஆனி, ஆடியில் போனால் பூ இருக்காது, அடியிலைக் கொத்து மட்டும்தான் இருக்கும்.

புல்வெளியின் நட்ட நடுவைவிட அதன் விளிம்புகளில் தேடுங்கள். சோலைக்காட்டின் ஓரம், பாதை வெட்டிய மண்சரிவு, பழைய எஸ்டேட் எல்லை, போன வருடம் தீப்பிடித்த சரிவு. வெயிலும் வேண்டும், வேருக்கு ஈரமும் வேண்டும், பக்கத்துப் புல் நெருக்கிக்கொண்டும் நிற்கக்கூடாது. இந்த மூன்றும் அமைவது விளிம்பில்தான். தண்ணீர் தேங்கி நிற்கும் சதுப்பின் மையத்தில் இதைத் தேடி அட்டைக்கடி வாங்கவேண்டாம்.

இந்தப் பகுதிகள் காப்புக்காடுகள், சரணாலய எல்லைக்குள் வருபவை. வனத்துறை அனுமதி இல்லாமல் போகமுடியாது. நம் மாவட்டத்து மேல்கோதையாற்றுக்கு வண்டியில் போக, திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலை, குதிரைவெட்டி வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும். யானையும் காட்டுப்போத்தும் நடமாடும் புல்வெளி அது. ஆளுயரப் புல்லுக்குள் பூவைத் தேடிக் குனிந்து நடப்பது ஆபத்து. பாதையோரச் செடியே படிப்பதற்குப் போதும்.

தூரத்திலிருந்து

ஒன்றரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரை வளரும். தண்டு நேராக, பெருவிரல் தடிமனிலோ அதற்கும் மேலாகவோ இருக்கும். கீழே கிளை இருக்காது. பூங்கொத்து தொடங்கும் இடத்தில்தான் சில செடிகள் நாலைந்தாகக் கிளைத்து, குத்துவிளக்கின் கிளைகள் போல நிமிரும். சில செடிகள் கிளைக்காமல் ஒற்றைக் கதிராகவே முடியும். இரண்டும் ஒரே இனம். கிளைத்ததை ஒன்றாகவும் கிளைக்காததை வேறொன்றாகவும் எழுதி வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

இலைகள் தண்டைச் சுற்றி ஒன்று மாற்றி ஒன்றாக, சுழல்படிபோல ஏறும். எதிரெதிரே இருக்காது. அடியிலைகள் பெரியவை. ஒன்றரைச் சாண், இரண்டு சாண் நீளம், நாலு விரல் அகலம். மேலே போகப்போக இலை சிறுத்து, சிறுத்து, கடைசியில் ஒவ்வொரு பூவின் அடியிலும் ஒரு குட்டி இலையாக நிற்கும். இலை எங்கே முடிகிறது, பூவடிச் செதில் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. இந்தப் படிப்படியான சிறுப்பு நல்ல அடையாளம்.

இலையில் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: விளிம்பு. விரலை விளிம்பின்மேல் ஓடவிடாமல், கண்ணால் அல்லது பத்து மடங்கு கைலென்ஸால் பாருங்கள். மணிமணியாக, நெருக்கமாகச் சின்னப் பற்கள் இருக்கும். உண்மையான புகையிலையில் விளிம்பு பல்லில்லாமல் மழமழவென்று இருக்கும். இலை முழுக்கப் பிசுபிசுப்பான மயிரும், இலையின் அடி தண்டைத் தழுவிக்கொண்டிருப்பதும் புகையிலையின் குணம். காட்டுப்புகையிலையின் இலை அடிநோக்கிக் குறுகி, காம்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லமுடியாதபடி தண்டில் ஒட்டும்.

பூவின் முதுகு

இப்போது கதிரின் நடுவிலிருந்து ஒரு பூவைத் தேர்ந்துகொள்ளுங்கள். பறிக்கவேண்டாம். கதிரின் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

பூ வெள்ளை, அல்லது ஊதா லேசாக ஊறிய வெள்ளை. நீளம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டத்தை ஒட்டி அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்த நாணயம் 27 மில்லிமீட்டர். அளவுகோல் கொண்டுபோகாதவர்களுக்கு அதுவே அளவுகோல். அடியில் பச்சைக் கிண்ணம் ஒன்று, அதன் விளிம்பில் ஐந்து கூர்மையான புல்லிகள். அந்தக் கிண்ணம்தான் சூலகம், பின்னால் காயாகப் போவது. அதாவது காய் பூவிதழ்களுக்குக் கீழே பிடிக்கும். கொய்யாக்காயின் நுனியில் புல்லி ஒட்டிக்கொண்டிருப்பதை நினைத்துக்கொண்டால் எளிது.

இதழ்களுக்கு வருவோம். ஐந்து. மூன்று சேர்ந்து கீழ்நோக்கி வளைந்த ஒரு உதடாக இருக்கும். மீதி இரண்டும் ஒல்லியான நாடாக்கள், பக்கத்துக்கு ஒன்றாக விலகி நிற்கும். இப்போது பூவை மேலிருந்து, முதுகுப் பக்கமாகப் பாருங்கள். இதழ்க்குழல் முதுகில் அடிவரைக்கும் பிளந்திருக்கும். யாரோ பிளேடால் கீறிவிட்டதுபோல, நேர்க்கோட்டில். பூச்சி அரித்த பூ என்றுதான் பலரும் முதலில் நினைக்கிறார்கள். அடுத்த பூவைப் பாருங்கள், அதிலும் அதே இடத்தில் அதே கீறல். கதிரில் உள்ள எல்லாப் பூவிலும் இருக்கும். லொபீலியாவின் முத்திரை அது.

அந்தக் கீறல் வழியே ஈயச் சாம்பல் நிறத்தில், சிலவற்றில் நீலம் கலந்து, ஒரு குழல் தலையை நீட்டி நுனியில் கீழ்நோக்கி வளைந்திருக்கும். இதைச் சூல்முடி என்று எழுதுவது தவறு. ஐந்து மகரந்தப்பைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் குழலாகி, சூல்தண்டைச் சுற்றி உறை போட்டிருக்கின்றன. லென்ஸ் இருந்தால் குழலின் நுனியைப் பாருங்கள். கீழ்ப்பக்கத்து இரண்டு மகரந்தப்பைகளின் முனையில் மட்டும் வெள்ளை மயிர்க்குச்சம் இருக்கும், சின்ன பிரஷ் மாதிரி. பிளந்த முதுகு, சாம்பல் குழல், நுனியில் வெள்ளைக் குச்சம். இந்த மூன்றும் சேர்ந்த பூவை நம் மலையில் வேறு எந்த ஆளுயரச் செடியும் வைத்திருக்கவில்லை.

பூக்காம்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மொட்டு தலைகீழாகத்தான் உருவாகிறது. விரியும் நேரத்தில் காம்பு அரைச்சுற்று முறுக்கிக்கொண்டு பூவைத் திருப்பி வைக்கிறது. லொபீலியாக்கள் பெரும்பாலும் இப்படித்தான். கதிரின் உச்சியிலுள்ள மொட்டையும் நடுவிலுள்ள விரிந்த பூவையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

அடுத்த குழப்பம் அனுபவம் உள்ளவர்களுக்கும் வருவது. ஒரே செடியில் இரண்டு விதமான பூ இருப்பதுபோலத் தோன்றும். ஒன்றில் குழலின் நுனியில் வெளிர்மஞ்சள் மகரந்தம் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்றில் நுனியிலிருந்து ஈரமான இரண்டு மடல்கள் விரிந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே பூவின் இரண்டு பருவங்கள். விரிந்தவுடன் பூ ஆண்பருவத்தில் இருக்கிறது. உள்ளே சூல்தண்டு வளர வளர, பிஸ்டன் தள்ளுவதுபோல மகரந்தத்தைக் குழலின் வாய்க்குத் தள்ளுகிறது. தேன்சிட்டோ தேனீயோ வந்து அந்த வெள்ளைக் குச்சத்தில் முட்டினால் கொஞ்சம் மகரந்தம் கொட்டுகிறது. மகரந்தம் தீர்ந்தபிறகு சூல்தண்டு குழலைத் தாண்டி வெளியே வந்து, சூல்முடியின் இரண்டு மடல்களையும் விரிக்கிறது. இது பெண்பருவம். தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழாமல் இருக்கச் செடி செய்துகொள்ளும் ஏற்பாடு.

கதிர் கீழிருந்து மேலாகப் பூப்பது. அதனால் நல்ல பருவத்தில் ஒரே கதிரை அடியிலிருந்து நுனிவரை பார்த்தால் எல்லாம் வரிசையாகக் கிடைக்கும்: அடியில் இளங்காய், அதற்கு மேல் பெண்பருவப் பூ, அதற்கு மேல் ஆண்பருவப் பூ, உச்சியில் மொட்டு. இந்த வரிசை தெரிந்தவர் இரண்டு பருவத்தை இரண்டு இனமாக எழுதமாட்டார்.

நிறத்தை நம்பி முடிவு செய்யவேண்டாம். வெள்ளையும் வெளிர் ஊதாவும் அடுத்தடுத்த செடிகளிலேயே கிடைக்கும். மேகமூட்டத்தில் போன் கேமரா வெள்ளையை நீலமாக்கிக் காட்டும். "நீலப்பூ, எனவே வேறு இனம்" என்று வாதிடுவதற்கு முன்னால் அதே படத்தில் ஒரு வெள்ளைக் காகிதமோ கைக்குட்டையோ என்ன நிறத்தில் விழுகிறது என்று பார்க்கவேண்டும்.

மலையேறும் முன் கடற்கரையில் ஒரு பயிற்சி

முதுகு பிளந்த பூ எப்படி இருக்கும் என்று தெரியாமல் மலைக்குப் போனால் மழையிலும் குளிரிலும் நின்று யோசிக்க நேரமிருக்காது. அதைக் கீழேயே படித்துக்கொள்ளலாம். நம் கடற்கரை மணலில் ஸ்கேவோலா என்ற புதர் வளர்கிறது. தடித்த பச்சை இலை, வெள்ளைக் காய், பாதியைப் பிய்த்து எறிந்துவிட்ட மாதிரியான வெள்ளைப் பூ. பங்களாக்களின் வேலியிலும் நடுகிறார்கள். அதன் பூவை எடுத்து முதுகைப் பாருங்கள். குழல் அடிவரை பிளந்திருக்கும், ஐந்து இதழும் ஒரே பக்கமாக விசிறிபோல விரிந்திருக்கும். குடும்பம் வேறு, ஆனால் பெரிய வகைப்பாட்டில் இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. ஸ்கேவோலாவில் ஐந்தும் ஒரே பக்கம். லொபீலியாவில் மூன்று கீழே, இரண்டு விலகி. இந்த வேறுபாடு ஒருமுறை கண்ணில் பதிந்தால் போதும்.

வயல்வரப்பில் லொபீலியாவே கிடைக்கும். லொபீலியா அல்சினாய்டிஸ் என்ற சின்னச் செடி, சாண் உயரம், நீலப் பூ, ஈரமான வரப்பிலும் குளத்தோரத்திலும் வளரும். பூ அரிசி அளவை விடக் கொஞ்சம்தான் பெரிது, லென்ஸ் வேண்டும். ஆனால் மூன்று மீட்டர் செடியின் பூவிலிருக்கும் அதே அமைப்பு, அதே முதுகுப் பிளவு, அந்தச் சின்னப் பூவிலும் இருக்கும்.

எவற்றோடு குழம்பும்

குறிஞ்சி வகைகளோடு குழம்புவதற்குக் காரணமே இல்லை, ஆனாலும் குழப்பிக்கொள்கிறார்கள், மலை, உயரம், பூ என்ற மூன்று சொல்லும் சேர்ந்தால் குறிஞ்சி நினைவுக்கு வந்துவிடுவதால். குறிஞ்சியில் இலைகள் எதிரெதிரே இருக்கும், கணுக்கள் தடித்திருக்கும், செடி புதராகக் கிளைக்கும், பூ முழு மணி. அவ்வளவுதான்.

சுண்டையின் பேரினத்தைச் சேர்ந்த காட்டுச் செடிகளில் சிலவற்றுக்கு இலை அகலமாக, கம்பளி போர்த்தியதுபோல இருக்கும். அவை மரக்கட்டையான தண்டுடைய புதர்கள். பூ கத்தரிப்பூ மாதிரி நட்சத்திரம், நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள். பூக்காத காலத்தில் தண்டைப் பார்த்தாலே போதும்.

உண்மையில் ஏமாற்றுவது சோங்கஸ் வகைச் செடிகள். ஏனென்றால் பால் வடியும், தண்டு குழலாக இருக்கும் என்று இரண்டு அடையாளங்களைக் காட்டுப்புகையிலைக்குப் பொதுவாகச் சொல்வது வழக்கம். இரண்டுமே சோங்கஸுக்கும் உண்டு. ஈரமான மலைச்சரிவில் ஆள் இடுப்புயரத்துக்கு வளர்ந்தும் நிற்கும். பூக்கும்வரை பலர் தவறாகவே எழுதி வைக்கிறார்கள். சோங்கஸின் மேலிலைகள் அடியில் காதுமடல்போல விரிந்து தண்டைச் சுற்றிப் பிடிக்கும். பூ மஞ்சள், சாமந்திக் குடும்பத்துத் தலைப்பூ, பிறகு பஞ்சாகப் பறக்கும். எனவே பாலும் குழல்தண்டும் துணைச் சாட்சிகள்தான், அவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

இளஞ்செடிக்கு வருவோம். முதல் வருடம் தண்டு எழும்பாது, அடியிலைக் கொத்து மட்டும்தான். அந்த நிலையில் ஆனைச்சுவடியோடு குழம்பும். ஆனைச்சுவடியின் இலை தரையோடு தட்டையாக அப்பிக்கொண்டிருக்கும், சொரசொரப்பாக மயிர் இருக்கும், கிள்ளினால் பால் வராது. காட்டுப்புகையிலையின் கொத்து தரையை விட்டு எழும்பி நிற்கும், நடுநரம்பு வெளுத்து அகலமாக இருக்கும். இருந்தாலும் இலைக்கொத்தை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்லாதீர்கள். "லொபீலியாவாக இருக்கலாம்" என்று எழுதி, இடத்தைக் குறித்துவிட்டு, அடுத்த பூப்பருவத்தில் திரும்பப் பார்ப்பதே நேர்மையான வழி.

கடைசியாக, சொந்தக்காரன். லொபீலியா லெஷனால்டியானா. நீலகிரி, பழனி, மூணாறு மேல்மலைகளில் காட்டுப்புகையிலைக்கு இணையாக உயரும் இன்னொரு லொபீலியா. தண்டும் பூங்கதிரும் வெள்ளிநிறக் கம்பளி மயிரால் போர்த்தியிருக்கும், பூக்கள் இடைவெளி தெரியாமல் நெருங்கியிருக்கும். காட்டுப்புகையிலையில் மயிர் குறைவு அல்லது இருக்காது, பூக்களுக்கிடையே தண்டு தெரியும். லெஷனால்டியானா பொதுவாக 1,800 மீட்டருக்கு மேலே வளர்வது. நம் மகேந்திரகிரி உச்சியே அந்த உயரத்தைத் தொடுவதில்லை. குமரி மலையில் எடுத்த படத்துக்கு அந்தப் பெயரைப் போடுவதற்கு முன் கம்பளி மயிர் படத்தில் தெளிவாகத் தெரியவேண்டும். நீலகிரிப் படங்களை இணையத்தில் பார்த்துவிட்டு அதே பெயரை இங்கே ஒட்டுவதால் வரும் தவறு இது.

படம் எடுக்கும் முறை

முழுச் செடியின் ஒரே ஒரு படத்தை அனுப்பிப் பெயர் கேட்டால் யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது. செயலிகளும் அப்படித்தான். இலைக்கொத்துப் படத்துக்கு ஐநேச்சுரலிஸ்ட் தரும் முதல் ஊகத்தை அப்படியே ஏற்காதீர்கள். அது சாயலைப் பார்த்துச் சொல்வது, பூவைத் திருப்பிப் பார்த்துச் சொல்வது அல்ல.

ஒன்பது படம் எடுத்தால் எந்த நிபுணரும் பதில் சொல்லலாம். ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க முழுச்செடி. அடியிலையின் மேல்பக்கம், அடிப்பக்கம். விளிம்பு தெரியும்படி நெருக்கத்தில் ஒன்று. தண்டின் நடுப்பகுதி, மயிர் இருக்கிறதா என்று தெரிய. முழுக் கதிர். பின் பூவின் பக்கவாட்டுத் தோற்றம், அதே பூவின் முதுகு. கடைசியாகக் காய். இந்த ஒன்பதில் விட்டுவிடக்கூடாத ஒன்று முதுகுப் படம், எல்லோரும் விட்டுவிடுவதும் அதுதான்.

மஞ்சில் வெள்ளைப் பூவை எடுத்தால் இதழெல்லாம் வெளுத்து ஒரே அப்பலாகிவிடும். திரையில் பூவைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இறக்குங்கள். படம் கொஞ்சம் இருண்டிருந்தால் பரவாயில்லை, வெளுத்துப்போன விவரம் திரும்ப வராது. பூவுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிக் கறுப்புக் குடையைப் பிடித்தால் போன் பின்னாலுள்ள புல்லுக்குக் குறிவைக்காது. சாரலில் குடை எப்படியும் கையில் இருக்கும். காற்றில் கதிர் ஆடினால் பூவைப் பிடிக்காமல், பூங்கொத்துக்குக் கீழே தண்டை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பிடித்தவர் கையைக் கழுவும்வரை கண்ணைத் தொடக்கூடாது.

விஷம்

அந்தக் கடைசி வரியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செடி முழுக்கக் காரமான பால் இருக்கிறது, இலை, தண்டு, விதை எல்லாவற்றிலும் லொபிலின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது. நரம்பில் நிகோடின் வேலை செய்யும் இடங்களிலேயே இதுவும் போய் உட்காரும். இலையை மென்றால் தொண்டை எரியும், குமட்டல், வாந்தி, வியர்வை, தலைசுற்றல், நடுக்கம். அளவு கூடினால் வலிப்பும் மூச்சுத் திணறலும் வந்து உயிருக்கே ஆபத்து. காய்ந்த இலைத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் புகையிலைத் தூள் பட்டதுபோல எரியும்.

ஆஸ்துமாவுக்கு நல்லது, புகைப்பழக்கத்தை விட உதவும் என்று இதன் இலையைப் பற்றிச் சொல்லும் பதிவுகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. லொபிலின் ஒருகாலத்தில் மருந்தாகப் பயன்பட்டது உண்மை. மருந்துக்கும் விஷத்துக்கும் இடையே உள்ள அளவு மிகக் குறுகலானது என்பதும் அதே அளவு உண்மை. லொபிலின் சேர்த்த புகை நிறுத்த மாத்திரைகளால் பலன் நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1993-இல் அவற்றின் விற்பனையை நிறுத்தியது. காட்டில் பறித்த இலையில் எவ்வளவு லொபிலின் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்லமுடியாது. தயவுசெய்து கஷாயம் வைக்காதீர்கள், பீடிபோலச் சுருட்டாதீர்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவைக்க வீட்டில் முயலாமல், செடியின் படத்தோடு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ உடனே கொண்டுபோகவேண்டும். மேல்மலையிலிருந்து கீழே இறங்கவே மணிக்கணக்காகும் என்பதை நினைவில் வையுங்கள்.

பாலைச் சோதிக்க இலையைக் கிள்ளவும் தேவையில்லை. சரணாலயத்துக்குள் செடியைச் சேதப்படுத்துவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காற்றில் ஒடிந்த இலையோ மிளா மிதித்த தண்டோ பக்கத்தில் கிடக்கும், அதில் பார்த்துக்கொள்ளலாம்.

பூ முடிந்த பிறகு

பங்குனியில் மலைக்குப் போகிறவர்கள் பூவைப் பார்க்கமுடியாது. ஆனாலும் செடியை அடையாளம் காணலாம், சொல்லப்போனால் அப்போதுதான் எளிது. காய்த்து முடித்ததும் தண்டு காய்ந்து கம்பாகி, இலை உதிர்ந்து, மாதக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும். பழுப்பேறிய புல்லுக்கு மேலே கரும்பழுப்புக் கம்புகள் வரிசையாகத் தெரிந்தால் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஒடிந்து கிடப்பதை எடுத்தால் உள்ளே வெறும் குழல். பப்பாளி இலைக்காம்பில் பீப்பி ஊதிய பிள்ளைகளுக்கு இதன் உபயோகம் சொல்லித்தர வேண்டாம். மேற்குத்தொடர்ச்சி மலையின் சில பகுதிகளில் இந்தத் தண்டை ஊதுகுழலாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் உள்ளே ஒட்டியிருக்கும் தூசியை நினைத்தால், வாயில் வைக்காமல் இருப்பதே நல்லது.

கம்பின் மேல்பகுதியில் காய்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். சுண்டுவிரல் நக அளவு, ஏறத்தாழ உருண்டை. ஒரு காயின் உச்சியைப் பாருங்கள். சுற்றிலும் ஐந்து காய்ந்த புல்லிகள், அவற்றுக்கு நடுவே இரண்டு வால்வுகளாகத் திறந்த வாய். காய் பக்கவாட்டில் வெடிப்பதில்லை, அடியில் ஓட்டை இல்லை, வாய் மேலே மட்டும்தான். காற்று கம்பை ஆட்டும்போது உப்புக்குலுக்கியிலிருந்து விழுவதுபோலச் சில விதைகள் தெறிக்கும், மீதி அடுத்த காற்றுக்குக் காத்திருக்கும். விதை பொடிமணல் அளவு, மஞ்சள் கலந்த பழுப்பு. வெள்ளைக் காகிதத்தைக் கீழே பிடித்துக் கம்பை ஒருமுறை தட்டினால் விழும். மூக்கைத் தள்ளி வைத்துக்கொண்டு தட்டுங்கள். காகிதத்தில் விழுந்ததை லென்ஸால் பார்த்துவிட்டு அங்கேயே, ஈரமுள்ள திறந்த மண்ணில் உதறிவிடுங்கள். குழல்தண்டு, புல்லிகளுக்கு நடுவே இரண்டு வால்வு வாய், மணல்விதை என்ற மூன்றையும் எழுதி, இடமும் உயரமும் தேதியும் குறித்தால் அந்தப் பதிவு பூப்பருவப் பதிவுக்கு ஒன்றும் குறைந்ததல்ல. அந்தக் கம்பின் காலடியில் அகன்ற இலைக்கொத்துகள் எழும்பியிருக்கின்றனவா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த மார்கழியில் எங்கே போய் நிற்கவேண்டும் என்பதை அவை சொல்லிவிடும்.